சொன்னதும் ஒன்று, கேட்டதும் ஒன்று

அத்தியாயம் 7

"அந்த லைற்றை நூரும், தம்பி," என்றார் சிவநேசன்.

யுகேந்திரன் மேசை விளக்கைப் பார்த்தான். பிறகு சிவநேசனைப் பார்த்தான். மூன்று வருஷமாக இவரிடம் வேலை பார்க்கிறான். இன்னும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் யாரோ நூல் நூற்கச் சொல்வது போலத்தான் இருக்கிறது.

"சார், எங்க வீட்டுல லைட்ட அடைப்போம். தமிழ்நாட்டு சினிமாவுல அணைப்பாங்க. நீங்க ஒருத்தர்தான் நூர்க்கிறீங்க. ஒரு சுவிட்சுக்கு எத்தனை தமிழ்லா?"

"எங்கட பாட்டன்மார் யாழ்ப்பாணத்திலே இருந்து கப்பல்லே கொண்டு வந்த சொல். இருந்துட்டுப் போகட்டும். நூரும், வெளிக்கிடுவம்."

விளக்கு அணைந்தது. ஈப்போ நகரத்துக் கடைவீட்டு மாடியில் இருந்த அந்த ஒற்றை அறை அலுவலகம் காலை ஒன்பது மணிக்கே மழை இருட்டில் மங்கிப் போனது. சிவநேசன் முப்பது வருஷம் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். யாருடைய விரல் எந்த மெஷினில் எப்படிப் போனது என்று எழுதி எழுதியே முடி நரைத்தவர். ஓய்வு பெற்றதும் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். யுகேந்திரன் டிரைவர், எழுத்தர், எடுபிடி. சம்பளம் இல்லாத கோமாளி வேலையையும் அவனே சேர்த்துப் பார்த்தான்.

கோப்பில் இரண்டு தாள்கள் இருந்தன. இரண்டும் மலாயில் தட்டச்சு செய்த வாக்குமூலங்கள்.

முதல் தாள் ரூபனுடையது. வயது நாற்பத்தொன்று. பீடோருக்கு வெளியே, நாலாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் கட்டையில் நாற்காலி மேசை செய்யும் பட்டறையின் சூப்பர்வைசர். பதினோரு நாளுக்கு முன் மேசை ரம்பத்தில் பிளேடு போட்டுக்கொண்டிருந்தபோது மெஷின் ஓடியது. வலது கையில் நான்கு விரல்கள் போயின. 'கரண்ட் நின்றிருக்கிறதா என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே சுவிட்சைப் போட்டான்' என்று தாள் சொன்னது. முந்தின நாள் அவன் மிரட்டியதாகவும் ஒரு வரி இருந்தது.

இரண்டாவது தாள் முத்திருளனுடையது. வயது இருபத்தேழு. ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவன். அன்று சுவிட்ச் பக்கம் நின்றவன். 'பிளேடை மாற்றி முடிந்தது என்று அண்ணன் சொன்னார். நான் சுவிட்சைப் போட்டேன்' என்று அவன் தமிழில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் மலாயில் எழுதியிருந்தார்.

முத்திருளன் காவலில் இருக்கிறான். நாளைக் காலை கோர்ட். வேண்டுமென்றே கையைச் சிதைத்தான் என்று குற்றம் சாட்டப்போகிறார்கள்.

"ஒருத்தன் பொய் சொல்றான்," என்றான் யுகேந்திரன், 'கஞ்சில்' என்ற சின்ன மலேசியக் காரைக் கிளப்பியபடி. "யாருன்னு காசு சுண்டிப் பாத்துருவோமா?"

"ரெண்டு பேரும் பொய் சொன்னால்?"

"ரெண்டு காசு."

"ரெண்டு பேரும் உண்மை சொன்னால்?"

அதற்கு யுகேந்திரனிடம் காசு இல்லை. வைப்பரைத் தட்டிவிட்டான்.

*

தோட்டம் விற்கப்பட்டபோது ஆட்களுக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று அது. கதவைத் திறந்தவள் ரூபனின் மனைவி கலாதேவி. வழக்கைச் சிவநேசனிடம் கொண்டுவந்தவளும் அவள்தான்.

"வாங்க சார், உக்காருங்க. மைலோ கலக்கட்டா?" என்றாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. பேருந்து நிலையத்தில் எண் வாசிப்பது போலிருந்தது.

ரூபன் பிளாஸ்டிக் நாற்காலியில் டிவியைப் பார்த்தபடி இருந்தான். டிவியில் சத்தம் இல்லை. மடியில் ஒரு தலையணை. தலையணை மேல் வெள்ளைத் துணி சுற்றிய வலது கை, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப்போன பொருள் போல.

"வலிக்குதாண்ணே?" என்று கேட்டான் யுகேந்திரன்.

"இல்ல."

"மருந்துனாலயா?"

"தெரியல. மரத்துக் கெடக்கு."

மரத்தில் வேலை பார்த்தால் மரத்துத்தானே போகும் என்று ஒன்று யுகேந்திரனின் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினான். விழுங்கிய பிறகும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வீட்டுக் காற்றே ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது.

சிவநேசன் நாற்காலியை ரூபனுக்கு எதிரே இழுத்துப் போட்டார். "முத்திருளனுக்கும் உமக்கும் என்ன பிரச்சினை?"

"பிரச்சினைலாம் இல்ல சார். முந்தின நாள் ஏசுனேன். ரம்பத்துகிட்ட துணி கையுறை போட்டுக்கிட்டு நின்னான். சுத்துற பிளேடு துணிய இழுத்துச்சுன்னா கையயும் சேத்து இழுத்துரும். பதினெட்டு வருசமா எல்லாருக்கும் சொல்றேன். கழட்டி வீசுனேன். எல்லாரும் பாத்தாங்க."

"அவன் என்ன சொன்னான்?"

"பாத்துக்கிறேண்ணேன்னான்."

யுகேந்திரனின் புருவம் ஏறியது. போலீஸ் தாளில் மிரட்டல் என்று எழுதியிருந்தது இதுதானா?

"மற்ற நாள் சுவிட்ச் கிட்ட நிக்கிறது ஆர்?"

"பகதூர். நேப்பாளத்துக்காரன். லீவுல ஊருக்குப் போயிட்டான். அன்னிக்கித்தான் முத்து மொத மொறையா நின்னான்."

"பகதூரோட என்ன பாசையிலே கதைப்பீர்?"

"மலாய்தான். வேற என்ன பேசறது?"

"அண்டைக்கு மாஸ்க் போட்டிருந்தீரோ?"

"போட்டிருந்தேன். ரப்பர் கட்டைத் தூசி மூக்க அடைச்சிரும். பக்கத்துல இழைக்கிற மெஷின் வேற ஓடுச்சு." ரூபன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா அவன் மொகம் நல்லாத் தெரிஞ்சுது சார். கோவமே இல்ல. சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே சுவிட்ச போட்டான்."

டிவியில் யாரோ சத்தமில்லாமல் சமைத்தார்கள்.

வாசல் வரை வந்த கலாதேவி, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஞாயித்துக்கெழமையானா முத்து இங்கதான் சாப்புடுவான் சார். இவருதான் கூட்டியாருவாரு, தம்பி தம்பின்னு. வேணும்னே செஞ்சானா, இல்லையா? அது ஒண்ணு சொல்லிருங்க. போனது வெரலுன்னா இவரு அழுது முடிச்சிருப்பாரு. போனது தம்பின்னு நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு. அழவும் மாட்டேங்கிறாரு, சோறும் கேக்க மாட்டேங்கிறாரு."

காரில் ஏறியதும் யுகேந்திரன் சொன்னான்: "பாத்துக்கிறேன்னு சொல்லிருக்கான் சார். மறுநாளு பாத்துட்டான்."

"காரைக் கழுவும் எண்டு நான் தினம் காலையிலே சொன்னால் நீர் என்ன சொல்லுவீர்?"

"பாத்துக்கிறேன் சார்னு சொல்லுவேன்."

"அது மிரட்டலோ?"

யுகேந்திரன் அழுக்குக் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

*

ஒரு காலத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயப்போட்ட கட்டடம்தான் இப்போது பட்டறை. சுவரெல்லாம் இன்னும் கறுப்பு. உள்ளே புதுக் கட்டையின் புளித்த வாடை. மேசை ரம்பத்தைச் சுற்றி போலீஸ் கட்டிய மஞ்சள் நாடா தொய்ந்து கிடந்தது. மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள் நாடாவைப் பார்க்காமல் கடந்து போகப் பழகியிருந்தார்கள்.

அலுவலகப் பெண் சாந்தினி கூட வந்தாள். "தொட வேணாம்லா, இன்ஸ்பெக்டர் ஏசுவாங்க."

"தொடமாட்டம். பாக்கிறதுக்குக் காசு இல்லைத்தானே?" என்றார் சிவநேசன்.

ரம்பத்திலிருந்து கிளம்பிய கறுப்பு வயர் தரையோடு ஓடி, இருபது அடி தள்ளி இருந்த தூணில் ஏறி, சுவிட்ச் பெட்டிக்குள் நேராக நுழைந்தது. பெட்டிக்குச் சற்றுக் கீழே, வயரில், சிவப்புக் கயிற்றால் கட்டிய ஒரு ஸ்பேனர் தொங்கியது.

"ஸ்பேனருக்கும் கண்ணு பட்டுருச்சா சார்? கயிறு மந்திரிச்சுக் கட்டிருக்காங்க."

"என்ன ஸ்பேனர், பிள்ளை?" என்று சாந்தினியைக் கேட்டார் சிவநேசன்.

"பிளேடு கழட்டறது. ரூபண்ணன் கட்டுனது. தைப்பூசத்துக்குக் கையில கட்டியிருந்த கயிறு."

"பிளேடு அங்கே. ஸ்பேனர் இங்கே."

"நல்ல ஏற்பாடுதான்," என்றான் யுகேந்திரன். "எங்க சித்தப்பா கூட மூக்குக் கண்ணாடிய தாப்பா டவுன்ல வச்சிட்டு ஈப்போவுல பேப்பர் படிப்பாரு."

சிவநேசன் சிரிக்கவில்லை. கயிற்றின் நீளத்தை விரலால் அளந்தார். ஒரு சாண் கூட இல்லை. "பதினெட்டு வருஷ அனுபவம் உள்ள ஆள். ஸ்பேனர் தொலையக்கூடாது எண்டு கட்டுறவன் மெஷினிலே எல்லோ கட்டுவான்? ஏன் வயரின்ரை இந்த நுனியிலே கட்டினான்?"

அவர் கண் வயரோடு ஏறிப் பெட்டியில் போய் நின்றது.

"பிள்ளை, இந்த வயர் முந்தி இப்பிடியோ இருந்தது? நேரா பெட்டிக்குள்ளே?"

சாந்தினி கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தாள். தவுக்கே, அதாவது முதலாளி, அங்கே இல்லை. "இல்ல. பிளக் இருந்துச்சு. சாக்கெட் தீஞ்சு போச்சு. வேற வாங்கற வரைக்கும் வயர நேரா குடுங்க, ரெண்டு நாளைக்குத்தானேன்னு தவுக்கே சொன்னாரு. அது ஆச்சு, ஒரு மாசம்."

"பிளக் எங்கே?"

அவள் போய் ஒரு மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்து வந்தாள். மூன்று முள் பிளக். ஒரு முள் உருகி வளைந்திருந்தது. வயர் சுத்தமாக, ஒரே வெட்டில் வெட்டப்பட்டிருந்தது.

சிவநேசன் அதைக் கயிற்றின் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். "விளங்குதா, தம்பி? பிளேடு மாற்ற ஸ்பேனர் வேணும். ஸ்பேனர் பிளக்கோட கட்டிக் கிடக்கு. பிளக்கைக் கழட்டாமல் ஸ்பேனர் மெஷினுக்கு வராது. கழட்டினால் ரெண்டும் சேந்து வரும். கை பிளேடிலே இருக்கிற நேரம் பிளக் கண்ணுக்கு முன்னாலே கிடக்கும். கரண்ட் இருக்கோ இல்லையோ எண்டு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை."

"பிளக்க வெட்டுன பின்னாடி?"

"வேற ஸ்பேனர் வாங்கியிருப்பினம். பிளக் செய்த வேலையை ஒரு சொல் செய்ய வேண்டி வந்தது. தூணிலே ஒரு ஆள், மெஷினிலே ஒரு ஆள், நடுவிலே ஒரு சொல்." பிளக்கைத் திருப்பிக் கொடுத்தார். "இதை வெட்டினது ஆர்?"

சாந்தினி சொன்னாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் அந்த நொடி பார்த்து இழைக்கும் மெஷின் நின்றதால் எல்லோர் காதிலும் விழுந்தது.

சிவநேசன் கைப்பேசியில் இன்ஸ்பெக்டரை அழைத்தார். "ஷர்மினி, நான்தான். அந்தப் பெடியனை நாலு மணிக்கு இங்கே கொண்டு வரேலுமோ? அரை மணித்தியாலம் போதும்."

*

நாலு மணிக்கு மழை விட்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஷர்மினி ஜீப்பிலிருந்து இறங்கினாள். பின்னால், கைவிலங்கோடு, ஒல்லியாக ஒருவன். பதினோரு நாள் தாடி. அவன் யாரையும் பார்க்கவில்லை. வேறொரு வண்டியில் கலாதேவி ரூபனைக் கூட்டி வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் கடந்தபோது கண்கள் சந்திக்கவில்லை. இரண்டு மரச்சாமான்களை நகர்த்தி வைத்தது போல இருவரையும் எதிரெதிரே நிறுத்தினார்கள்.

"அரை மணி நேரம்தான் சார்," என்றாள் ஷர்மினி. "இதுக்கே மேல உள்ளவங்களுக்குப் பதில் சொல்லணும்."

சிவநேசன் ரம்பத்துக்கு மட்டுமான அந்தப் பெட்டியைத் திறந்து, மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். யுகேந்திரன் தூண் சுவிட்சைப் போட்டுப் பார்த்து அணைத்தான். மெஷின் செத்துக் கிடந்தது.

"இழைக்கிற மெஷினை ஓட விடுங்கோ. அண்டைக்கு மாதிரியே."

பட்டறை மறுபடி இரைந்தது. முத்திருளனின் விலங்கைக் கழற்றித் தூணருகே விட்டார்கள். ரூபன் ரம்பத்தின் முன்னால் நின்றான். இடது கையால் மாஸ்க்கைக் கட்ட வராமல் தடுமாறினான். கலாதேவி வந்து பின்னால் நின்று கட்டிவிட்டாள்.

"ரூபன், அண்டைக்குக் கேட்டதை அதே சொல்லிலே கேளும். முத்திருளன், அண்டைக்குச் செய்ததைச் செய்யும். அவ்வளவுதான்."

ரூபன் பிளேடைப் பார்த்துக்கொண்டு நின்றான். யுகேந்திரனுக்கு ஒரு ஜோக் கூட வரவில்லை. பிறகு ரூபன், மாஸ்க்குக்குள்ளிருந்து, இருபது அடி தூரத்துக்குக் கத்தினான்:

"மாத்தி!"

முத்திருளனின் கை தானாக ஏறியது. 'டக்' என்று சுவிட்ச் விழுந்தது.

எதுவும் ஓடவில்லை. சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் முத்திருளன் சொன்னான்: "மாத்தியாச்சுன்னுதான சார் சொன்னாரு? அதான் போட்டேன். அன்னைக்கும் இதத்தான் சொன்னாரு."

இழைக்கும் மெஷினை யாரோ நிறுத்தினார்கள்.

யுகேந்திரன் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். மாத்தி. பிறந்ததிலிருந்து அவன் நாக்கில் புரளும் மலாய்ச் சொல். விளக்கு நின்றால் மாத்தி. மெஷின் நின்றால் மாத்தி. மனிதன் செத்தாலும் மாத்தி. பகதூர் அந்தச் சொல்லைக் கேட்டால் சுவிட்சைப் பார்த்துவிட்டு, நின்றிருக்கிறது என்று அதே சொல்லைத் திருப்பிச் சொல்வான். ராமநாதபுரத்திலிருந்து வந்து இரண்டு மாதமான ஒருவனுக்கு அது சுத்தமான தமிழ். பிளேடை மாற்றியாகிவிட்டது, போடு தம்பி. கேள்வியின் இழுவையை மாஸ்க் தின்றுவிட்டது. மிச்சத்தை இரைச்சல் தின்றது.

ஷர்மினி கோப்பைப் பிரித்து இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இவரு பேப்பர்ல மாத்தின்னு இருக்கு. முத்து மாத்தியாச்சுன்னு சொன்னத மொழிபெயர்ப்பாளர் தூக்கார்னு எழுதிட்டாரு, மாத்தறதுக்கு மலாய்ல அதான் சொல்லு. பேப்பருக்குப் போனதும் வேற வேற சொல்லாயிருச்சு."

"மாத்தி எண்டால் மலாயிலே என்ன, முத்திருளன்?" என்று கேட்டார் சிவநேசன்.

"தெரியாது சார். எனக்குச் சாப்பாட்டுக் கடை மலாய்தான் தெரியும்."

"சுவிட்ச் போடேக்கை ஏன் சிரித்தீர்?"

முத்திருளன் தலையைக் குனிந்தான். "மொத நா கையுறைக்குத் திட்டுனாரு. மறுநா காலைல, நீ சுவிட்சுல நில்லுடா தம்பின்னாரு. நம்பி நிக்க வச்சாரேன்னு இருந்துச்சு. அவரு மாத்துனதும் ஒடனே போடணும்னு அவரு வாயவே பாத்துக்கிட்டு நின்னேன்."

ரூபன் மாஸ்க்கைப் பிடித்து இழுத்தான். அது கழுத்துக்கு இறங்கித் தொங்கியது.

"பிளக்க நான்தான் வெட்டுனேன்," என்றான்.

யாரும் கேட்காத கேள்விக்கு வந்த பதில் அது. சிவநேசன் மட்டும் தலையாட்டினார்.

"தவுக்கே சொன்னாரு. மொதல்ல முடியாதுன்னேன். அப்புறம் ஆர்டர் போகணும், ரெண்டு நாள்தானேன்னு நானே வெட்டிட்டேன். அது இருந்திருந்தா நான் வாயத் தொறந்தே இருக்க மாட்டேன்." கண்ணாடி அறைப் பக்கம் அவன் திரும்பவில்லை. திரும்ப வேண்டியவள் ஷர்மினி. அவள் ஏற்கெனவே திரும்பியிருந்தாள்.

"தவுக்கேவ நான் விசாரிக்கிறேன்," என்றாள். "அண்ணே, உங்க வாக்குமூலத்த என்ன செய்யறது?"

"மாத்தி எழுதுங்க."

அந்தச் சொல் விழுந்ததும் முத்திருளனின் தோள் வெடுக்கென்று துள்ளியது. கை சுவிட்சிலிருந்து நெருப்பைத் தொட்டது போல விலகியது. ரூபன் அதைப் பார்த்தான். பதினோரு நாளில் முதல் தடவையாக அவன் கண் ஓரிடத்தில் நின்றது. மெஷினைச் சுற்றிக்கொண்டு, இருபது அடியையும் மெல்ல நடந்து, தூணருகே போய் நின்றான்.

"ஒன்னும் இல்லடா," என்றான். "ஒன்னும் இல்ல."

பிறகு வெள்ளைத் துணி சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்தான். "கலா, வலிக்குது. ரொம்ப வலிக்குது கலா."

கலாதேவி ஓடி வந்து அவன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்கும்ங்க," என்றாள். இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "வலிக்கும்தான்."

*

இருட்டும் நேரத்தில் ஈப்போ திரும்பினார்கள். அலுவலகத்தில் சிவநேசன் மேசை விளக்கைப் போட்டு நாலு வரி எழுதினார். ஃபியூஸைத் திருப்பிக் கொடுக்காமல் கொண்டு வந்துவிட்டது நினைவுக்கு வந்ததும், சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி, வீட்டுக்குப் போவம். லைற்றை நூரும், தம்பி."

யுகேந்திரன் குனிந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, வயரோடு கொண்டு வந்து, அவர் கண்ணுக்கு முன்னால் மேசைமேல் வைத்தான்.